திருத்தம் வந்தாச்சு... போய்ச் சேர்ந்தாச்சா?

தரவைக் கட்டிப் பிரிக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளில் ஓட்டை விழுவதும் அது அடைபடுவதும் உலகச் செய்தி. அடைப்பு நம் ஊர் இயந்திரம் வரை வந்து சேர்கிறதா என்பதுதான் உள்ளூர்க் கேள்வி.

ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை ‘ரேகை விழலை’. கரும்பு வெட்டியும் களை பறித்தும் விரல் தேய்ந்தவர்கள் நிறைந்த திருவாலங்காட்டு வட்டாரத்தில் அது இன்னும் அதிகமாகவே கேட்கும். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும், ஒத்துப்போனால் அரிசி. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்துக்கு மாறியதோடு வந்த பழக்கம் இது. ஆந்திராவிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வரும் குடும்பமும் தன் அட்டைக்குத் திருத்தணிப் பக்கத்துக் கடையில் பொருள் வாங்கலாம் என்பது திட்டத்தின் நோக்கம்.

விரலை வைப்பதற்கும் ரசீது வருவதற்கும் இடையில் சில நொடிகள். அதற்குள் ரேகை விவரம் ஒரு செய்தியாகக் கட்டப்பட்டு, மறைகுறியிடப்பட்டு, ஆதார் சர்வருக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்புகிறது. அந்தச் செய்தி எந்த வடிவில் இருக்கலாம் என்று ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்ப ஆவணம் சொல்கிறது. ஒன்று எக்ஸ்எம்எல்; இன்னொன்று, கூகுள் 2008இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட புரோட்டோபஃப். திருவாலங்காட்டு வடாரண்யேசுவரர் கோயில் வாசலில் பூ வாங்கிவிட்டு யுபிஐயில் 20 ரூபாய் அனுப்பினால், அந்தத் தகவலும் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல் செய்தியாகத்தான் வங்கிக்கு வங்கி போகிறது.

கட்டுவதற்குப் பெயர் சீரியலைசேஷன். பிரித்துப் பழையபடி ஆக்குவது டீசீரியலைசேஷன். இந்த வேலையை ஒவ்வொரு நிறுவனமும் புதிதாக எழுதிக்கொண்டிருப்பதில்லை. ஜாக்சன், எக்ஸ்ஸ்ட்ரீம், ஸ்நேக்யாமல், புரோட்டோபஃப், அப்பாச்சி ஏவ்ரோ என்று இலவசமாகக் கிடைக்கும் லைப்ரரிகளை எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பயன்படுத்துபவருக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது. விற்பவருக்கே தெரியாமல் போகும்போதுதான் சிக்கல்.

சீட்டில் சேர்ந்த ஒரு வரி

வீடு மாற்றும்போது கட்டிலைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறோம். எந்தச் சட்டம் எந்தக் காலில் பொருந்தும் என்று ஒரு சீட்டும் எழுதி வைக்கிறோம். புது வீட்டில் ஆசாரி சீட்டைப் பார்த்து மாட்டுகிறார். வழியில் யாரோ அதில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்: ‘மாட்டும் முன் கொல்லைக் கதவைத் திறந்து வை’. ஆசாரி அதையும் கேள்வி கேட்காமல் செய்தால் என்ன ஆகும்? டீசீரியலைசேஷன் ஓட்டை என்பது அவ்வளவுதான்.

கணினியில் இது நடக்கும் விதம் கொஞ்சம் நுட்பமானது. வரும் செய்தி, தன்னைப் பிரித்து எந்த வகைப் பொருளாக ஆக்க வேண்டும் என்று வகையின் பெயரையும் சொல்ல சில லைப்ரரிகள் அனுமதிக்கின்றன. பெயரைக் கண்டதும் லைப்ரரி அந்த வகையை நினைவகத்தில் உருவாக்குகிறது. உருவாகும்போதே அதன் சில கட்டளைகள் தாமாக ஓடுகின்றன. தாக்குபவர் வைரஸ் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. மென்பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கும் அப்பாவித் துண்டுகளை எந்த வரிசையில் எழுப்பினால் தன் கட்டளை ஓடும் என்று கணக்குப் போட்டு, அந்த வரிசையைச் செய்தியில் எழுதி அனுப்பினால் போதும். இதைத் தொழிலில் ‘கேட்ஜெட் செயின்’ என்கிறார்கள்.

ஜாவா மொழியில் இந்த வசதி 1997இலேயே வந்துவிட்டது. அன்று எல்லோரும் கொண்டாடினார்கள். அதே ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்ட் 2018இல் அதைப் படுமோசமான தவறு என்று பொதுமேடையில் சொன்னார். இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் காரணம். 2015 ஜனவரியில் கேப்ரியல் லாரன்ஸ், கிறிஸ் ஃப்ரோஹாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் இந்தச் சங்கிலியை விளக்கி, அதைத் தயாரிக்கும் கருவியையும் வெளியிட்டார்கள். பெரிதாக யாரும் அசையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு ஆய்வாளர் வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், ஜென்கின்ஸ் என்று நிறுவனங்கள் பயன்படுத்தும் சர்வர் மென்பொருள்கள் எல்லாவற்றையும் அதே வழியில் திறந்து காட்டிய பிறகுதான் தூக்கம் கலைந்தது. அத்தனையிலும் இருந்த பொதுவான துண்டு, அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற சாதாரண இலவச லைப்ரரி. அதன் திருத்தப்பட்ட 3.2.2 பதிப்பு அந்த மாதமே வந்தது.

‘வராதே’ பட்டியலும் ‘வரலாம்’ பட்டியலும்

ஜாவா உலகில் ஜேசான் செய்திகளைப் பிரிக்க மிக அதிகமாகப் பயன்படுவது ஜாக்சன். டாட்டு சலோரண்டா தொடங்கிய லைப்ரரி. 2017இல் அதன் ஒரு வசதி வழியாகவும் இதே தாக்குதல் சாத்தியம் என்று தெரிந்தது. ஜாக்சன் குழு செய்த திருத்தம் இயல்பானதுதான்: ஆபத்தான வகைகளின் பெயர்களைப் பட்டியலிட்டு அவற்றைத் தடுத்தார்கள். சில வாரங்களில் பட்டியலில் இல்லாத இன்னொரு வகையை யாரோ கண்டுபிடித்தார்கள். அதையும் சேர்த்துப் புதிய பதிப்பு. மறுபடி இன்னொன்று. 2019 வரை பல டஜன் சிவிஇ எண்கள் இப்படியே பிறந்தன. சிவிஇ என்பது உலகம் முழுவதும் ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண். அப்டேட் போட்டு முடித்த நிர்வாகி காபி குடித்துவிட்டு வருவதற்குள் அடுத்த அப்டேட் நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் ஓடின.

2019 செப்டம்பரில் வந்த ஜாக்சன் 2.10 அணுகுமுறையையே திருப்பிப்போட்டது. யார் வரக்கூடாது என்று எழுதுவதற்குப் பதிலாக, யார் யார் வரலாம் என்று மென்பொருளை எழுதுபவரே சொல்ல வேண்டும். மற்ற எதுவும் உள்ளே வராது. எக்ஸ்ஸ்ட்ரீம் லைப்ரரியும் நீண்ட காலம் தடைப்பட்டியலோடு போராடிவிட்டு, 2021 ஆகஸ்டில் வந்த 1.4.18 பதிப்பில் இதே முடிவுக்கு வந்தது. ஸ்நேக்யாமலில் இந்தக் குறையை ஓட்டை என்று ஒப்புக்கொள்வதா, நம்பகமில்லாத கோப்பைத் திறந்தவர் தவறு என்று சொல்வதா என்று வாதமே நடந்தது. கடைசியில் 2023 பிப்ரவரியில் 2.0 பதிப்பு பாதுகாப்பான வழியையே இயல்பு நிலையாக்கியது. மூன்று லைப்ரரிகள், மூன்று குழுக்கள். வந்து சேர்ந்த இடம் ஒன்று.

புரோட்டோபஃப் கதை வேறு. அதில் செய்தி தன் வகையைச் சொல்வதில்லை. இரு பக்கமும் முன்பே ஒத்துக்கொண்ட கட்டங்களை நிரப்புவதோடு சரி. எனவே கொல்லைக் கதவு திறக்கும் ஆபத்து குறைவு. ஆனால் மூச்சுமுட்ட வைக்கலாம். அதன் ஜாவா பதிப்பில் இருந்த ஒரு குறையால், சுமார் 800 கிலோபைட் அளவுள்ள விஷமச் செய்தி ஒன்றைப் பிரிக்கவே நிமிடக்கணக்கில் ஆகும் என்று தெரிந்து, 2022 ஜனவரியில் திருத்தம் அறிவித்தார்கள். செய்திக்குள் செய்தி என்று அடுக்கிக்கொண்டே போனால் மென்பொருள் நிலைகுலையும் என்று 2024இல் இன்னொரு திருத்தம். திருட்டு நடக்காது, ஆனால் சேவை நின்றுபோகும். வரிசையில் நிற்பவருக்கு அதுவும் இழப்புதான்.

இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2025 ஏப்ரலில் அப்பாச்சி பார்க்கேயில் ஒன்று, டிசம்பர் 3ஆம் தேதி ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்ஸில் ஒன்று. இரண்டுமே அபாய அளவுகோலில் 10க்கு 10. ரியாக்ட் ஓட்டை வெளியான சில மணி நேரத்தில் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன.

சென்னையிலிருந்து கிளம்பிய பாடம்

இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கு இரண்டு வேடம் உண்டு. மென்பொருளைப் பயன்படுத்தும் மாநிலம். உலகத்துக்குச் செய்து அனுப்பும் மாநிலமும்கூட. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு, நிறுவனங்களின் கணினிகளையும் கடவுச்சொற்களையும் நிர்வகிக்கும் மென்பொருள்களை உலகெங்கும் விற்கிறது. அதன் அனுபவம் இந்தத் துறைக்கே பாடம்.

2020 மார்ச் 5ஆம் தேதி, டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற மேனேஜ்என்ஜின் மென்பொருளில் டீசீரியலைசேஷன் ஓட்டை இருப்பதை ஸ்டீவன் சீலி என்ற ஆய்வாளர் செயல்முறையோடு பொதுவில் வெளியிட்டார். நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. ஸோஹோ ஓரிரு நாளில் திருத்தம் கொடுத்தது. ஆனால் மார்ச் 8 முதல் ஏபிடி41 என்ற ஊடுருவல் குழு அதே வழியாகப் பல நிறுவனங்களைத் தாக்கத் தொடங்கியதை ஃபயர்ஐ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் கவனித்தது. அதன் வாடிக்கையாளர்களில் குறைந்தது ஐந்து பேரிடம் உள்ளே நுழைந்தும் விட்டார்கள். திருத்தம் எழுதியவருக்குக் கிடைத்தது ஓரிரு நாள். நிறுவ வேண்டியவருக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு.

2022இல் மேனேஜ்என்ஜினின் கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளில் இன்னொரு டீசீரியலைசேஷன் ஓட்டை, சிவிஇ-2022-35405. இம்முறை வேர் ஸோஹோ எழுதிய வரிகளில் இல்லை. மென்பொருளுக்குள் வைத்திருந்த ஓப்பன் சோர்ஸ் பாகம் ஒன்று, எக்ஸ்எம்எல்-ஆர்பிசி செய்திகளைப் பிரிக்கும் விதத்தில் இருந்தது கோளாறு. அதே வகைக் குறை அப்பாச்சி எக்ஸ்எம்எல்-ஆர்பிசி லைப்ரரியில் 2016இலேயே பதிவாகியிருந்தது. பராமரிப்பார் இல்லாமல் கைவிடப்பட்ட லைப்ரரி அது. ஸோஹோ திருத்தம் வெளியிட்ட பிறகும் தாக்குதல் நடந்ததால், அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா செப்டம்பரில் அதைத் தன் கட்டாயத் திருத்தப் பட்டியலில் ஏற்றியது.

அடுத்தது சிவிஇ-2022-47966. இதில் இரண்டு டஜன் மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள் சிக்கின. எக்ஸ்எம்எல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் அப்பாச்சி சான்டுவாரியோ லைப்ரரியின் மிகப் பழைய பதிப்பு உள்ளே இருந்ததே காரணம் என்று நிறுவனமே தன் அறிவிப்பில் சொன்னது. 2022 அக்டோபர், நவம்பரில் திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனால் அதைப் போடாமல் விட்ட விமானத் துறை நிறுவனம் ஒன்றில் 2023 ஜனவரியிலிருந்தே வேற்று நாட்டுக் குழுக்கள் நுழைந்திருந்ததை சிசா அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் காலதாமதம் எங்கெங்கே குடியிருக்கிறது என்று தெரிகிறது. லைப்ரரியிலிருந்து மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு தாமதம்; அது சில சமயம் ஆண்டுக்கணக்கு. நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளருக்கு இன்னொரு தாமதம், அது மாதக்கணக்கு. தாக்குபவருக்கோ நாள் கணக்கு.

தாமதத்தின் விலையை அறிய இன்னொரு சம்பவம். சீரியலைசேஷன் ஓட்டை அல்ல. உள்நுழைவுச் சோதனையைத் தாண்டவிடும் ஓட்டை. மேனேஜ்என்ஜினின் இன்னொரு மென்பொருளில் இருந்த அதற்கு 2021 செப்டம்பரில் திருத்தம் வந்தது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அதை உரிய காலத்தில் போடத் தவறியது. நவம்பர் 9ஆம் தேதி ஊடுருவல். கண்டுபிடிக்க 70 நாள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் என 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அம்பலமாயின. காணாமல் போனவர்களைத் தேடும் கோப்பு எவ்வளவு ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது என்று ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தன்னிடம் தவறு நடந்ததையும் அது எப்படி நடந்தது என்பதையும் குழுவே விரிவாக வெளியிட்டது. அந்த நேர்மை அபூர்வம்.

எழுதுபவர் ஒருவர், நம்பியிருப்பவர் கோடி

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லைப்ரரியில் ஓட்டை வெடித்தபோது, உலகம் அரண்டுபோய்த் தேடியது அதை எழுதியவர்களை. சம்பளமில்லாமல், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அதைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் அவர்கள். மூன்று வாரத்துக்குள் நான்கு பதிப்புகள் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் விட்டுப்போனதை அடைக்க. கோடிக்கணக்கில் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் அவர்களுக்கு ‘எப்போது சரியாகும்?’ என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன.

தனித்து விடப்பட்ட பராமரிப்பாளர் இன்னொரு ஆபத்துக்கும் வழி. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியைக் கவனித்து வந்தவர் களைத்திருந்த காலத்தில், உதவிக்கு வந்த ஒருவர் சில ஆண்டுகள் நல்லவராக நடந்து நம்பிக்கை பெற்று, புதிய பதிப்பிலேயே கள்ளக் கதவு வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று துருவியதில் 2024 மார்ச் 29ஆம் தேதி குட்டு வெளிப்பட்டது. ஆகவே அப்டேட்டை உடனே போடு என்ற அறிவுரையும் முழுசாக நிற்காது. யாரிடமிருந்து வந்தது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

பராமரிப்பாளருக்குக் கூலி கிடைக்க வழி செய்வது இரக்கக் காரியமல்ல. சொந்தப் பாதுகாப்புச் செலவு. இந்தியாவில் ஸெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கி, ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை தருவதாக அறிவித்தது. இலவச லைப்ரரிகளின் தோளில் நிற்கும் சென்னை, கோவை நிறுவனங்கள் இதைப் பார்த்தாவது பையைத் திறக்கலாம்.

31 ஏடுகளின் ஒழுங்கு

திருவாலங்காட்டுக்கு வரலாற்று மாணவர்களிடம் இருக்கும் பெயர் வேறு. 1905இல் இங்கே கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள்: 31 ஏடுகள், ஒரே வளையத்தில் கோத்து, அரச முத்திரை இட்டவை. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆணை. வளையமும் முத்திரையும் இருப்பதால் நடுவில் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ எளிதில் முடியாது. ஆணையை எழுதியவர் யார், மேற்பார்த்தவர் யார், வரிக்கணக்கில் பதிந்தவர்கள் யார் என்று அது கடந்துவந்த கைகளும் அதிலேயே பதிவாகியிருக்கின்றன.

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. தமிழ்ப் பகுதி இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. ஆனால் முன்னால் உள்ள வடமொழிப் பகுதி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்த கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பாடுகிறது. ஆகவே வடமொழிப் பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது என்பது அறிஞர் முடிவு. என்று, எதற்காகச் சேர்த்தார்கள் என்ற குறிப்பு இல்லாததால் உள்ளடக்கத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருந்தது. மாற்றம் செய்தால் தேதியோடு எழுதிவை என்று இன்றைய மென்பொருளாளரிடம் கெஞ்சுவதும் இதற்காகத்தான்.

செப்பேடு தான் கடந்துவந்த கைகளைப் பதிந்ததுபோல, மென்பொருளுக்குள் எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது என்று வரிசையாக எழுதும் பட்டியலுக்கு எஸ்பாம் என்று பெயர். இந்தியாவின் கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பங்குச் சந்தை நிறுவனங்களுக்கான தன் சைபர் பாதுகாப்பு விதிகளில் செபி அதே ஆண்டு ஆகஸ்டிலேயே இதைச் சேர்த்திருந்தது. 2022 ஏப்ரல் ஆணைப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்தில் செர்ட்-இன்னுக்குத் தகவல் போக வேண்டும். ஐரோப்பாவின் புதிய சட்டம் இன்னும் கறார்: 2026 செப்டம்பர் முதல், தாக்குதலுக்கு உள்ளாகும் ஓட்டைகளைத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டும். அங்கே மென்பொருள் விற்கும் தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்.

சான்டுவாரியோவின் பழைய பதிப்பு எந்தெந்த மென்பொருளில் இருக்கிறது என்று வாடிக்கையாளர் கையில் பட்டியல் இருந்திருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் அவரே கேள்வி கேட்டிருக்கலாம். பட்டியலின் பயன் அதுதான்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அப்டேட் போடத் தயங்குபவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஸ்நேக்யாமல் 2.0 வந்தபோது அதை நம்பியிருந்த பல மென்பொருள்கள் மாற்றி எழுதாமல் ஓடவில்லை. சர்க்கரை ஆலையில் அரவைக் காலத்தின் நடுவே, தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி வாரத்தில், யாரும் ஓடுகிற சர்வரில் கைவைக்க மாட்டார்கள். ஆனால் மூன்று ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் தாவுவதைவிட, மாதாமாதம் சின்னச் சின்னதாக நகர்ந்தால் உடைவதும் சின்னதாகவே இருக்கும், சரிசெய்வதும் எளிது.

ஒரு கூட்டுறவுச் சங்கமோ கல்லூரியோ நகராட்சியோ மென்பொருள் வாங்கும்போது விலைப்புள்ளியோடு நான்கு கேள்விகளைச் சேர்க்கலாம். உள்ளே இருக்கும் லைப்ரரிகளின் பட்டியலைத் தருவீர்களா? அவற்றில் ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் திருத்தம் தருவீர்கள்? ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகும் பாதுகாப்புத் திருத்தம் வருமா? வந்த திருத்தத்தை எங்கள் சர்வரில் போடும் பொறுப்பு யாருடையது? நான்காவது கேள்வியில்தான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் மௌனம். விற்றவர் வாங்கியவரைக் கைகாட்டுவார். வாங்கியவர் விற்றவரைக் கைகாட்டுவார். நடுவில் ஓட்டை திறந்தே கிடக்கும்.

அரசு டெண்டர்களில் இந்த நான்கும் கட்டாயமானால், தமிழ்நாட்டுச் சந்தையே பழக்கத்தை மாற்றிக்கொள்ளும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் போதும். அடுத்த சிவிஇ எண் எந்த லைப்ரரிக்கு, எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும் அன்று பட்டியலைத் திறந்து பார்க்க முடியுமா, யாருக்குப் போன் போட வேண்டும் என்று தெரியுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம்.